காதுக்கும் நாவுக்கும் எட்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

திருத்தணி ஓர் ஆசிரியரால் பெருமை பெற்ற ஊர். 1888-ஆம் ஆண்டு இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றி, ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் மேடையேறிப் பேசாத பள்ளிப் பிள்ளை இவ்வட்டாரத்தில் இருக்க முடியாது. தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து, திருத்தணியிலும் திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் படித்து, 1936-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ஆங்கிலேயருக்கு ஆங்கிலத்திலேயே கீழை நாட்டுத் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர் அவர். இன்று அதே ஊரிலிருந்து ஒரு பெண் கடல் கடந்துபோய் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக விரும்பினால், முதலில் ஓர் ஆங்கிலத் தேர்வில் அவள் தேறியாக வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்பது அத்தேர்வின் பெயர். 1989-ஆம் ஆண்டு முதல் இப்பெயரில் நடந்துவரும் இத்தேர்வு, ராதாகிருஷ்ணன் கப்பலேறிய காலத்தில் பிறக்கவே இல்லை.

"நாலு வயசுப் புள்ளைக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறதுக்கு எதுக்குடி அவ்ளோ இங்கிலீஷு?" என்று என் பெரியம்மா கேட்டார். அவர் மகள், என் அக்கா முறை, இங்கே ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியை. ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு முடித்து அங்கேயே முன்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்பது அவள் கனவு. பெரியம்மாவின் கேள்வியை நான் பல பேர் வாயில் கேட்டிருக்கிறேன். பேராசிரியருக்கு ஆங்கிலம் வேண்டும், டாக்டருக்கு வேண்டும், பால்வாடி டீச்சருக்கு எதற்கு என்பதே அக்கேள்வியின் உட்பொருள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தலைகீழான நியாயம் என்பது என் துணிபு.

முதலில் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்போம். மெல்போர்ன் நகரம் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில், 2015 முதல் முன்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைப் போலவே அரசின் ஆசிரியர் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆங்கிலத் திறனும் காட்டப்பட வேண்டும். இத்தேர்வில் முழு மதிப்பெண் 9. படித்தலில் 7 வேண்டும். எழுதுதலில் 7 வேண்டும். கேட்டலில் 8, பேசுதலில் 8 வேண்டும். நீண்ட காலமாக ஆசிரியர் அனைவருக்கும் அங்கே வழங்கிவரும் அளவுகோல் இது. (விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை. விண்ணப்பிக்கிறவர்கள் தரகர் சொல்வதை நம்பாமல், அன்றைய விதியை அந்தந்த அலுவலகத்தின் அறிவிப்பிலேயே படித்துக்கொள்வது நல்லது.)

இந்த நான்கு எண்களையும் முதன்முதலில் அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் பார்த்தபோது, தவறாக எழுதிவைத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். நாம் பழகிய கணக்குப்படி எழுதுவதுதானே பெரிது? மூன்று மணி நேரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவனைத்தானே நாம் கெட்டிக்காரன் என்கிறோம்? அங்கே எழுதுகிற கைக்கு 7 போதும் என்கிறார்கள். காதுக்கும் நாவுக்கும் 8 கேட்கிறார்கள். யோசிக்க யோசிக்க, அந்தக் கணக்கைப் போட்டவர்கள் வகுப்பறை அறிந்தவர்கள் என்று தோன்றியது. ஆசிரியரின் வேலையில் பெரும்பகுதி காதிலும் நாவிலும்தான் நடக்கிறது. குழந்தை எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு எழுத்தின் பங்கு குறைந்து காதின் பங்கு கூடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஆசிரியருக்குப் புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லுவான். இல்லையேல் எழுதிக் காட்டுவான். மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? அழும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தாயார் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் அங்கன்வாடி உதவியாளர். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் தொடங்கிய திட்டத்தின் கீழ் வந்த மையம்தான். ஊரார் இன்னும் பால்வாடி என்றே சொல்கிறார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறியது. வீட்டுக்குள் பேசும் மொழி அரசாணைப்படி மாறுவதில்லை. அம்மாவின் மையத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர் தண்ணி என்பார்கள், சிலர் நீள்ளு என்பார்கள், சிலர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்வார்கள்.

தெற்கு மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பணியாளர் ஒருவர், ஒரு நாள் ஒரு சிறுமியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாராம். அந்தப் பிள்ளை "கடுப்பு, கடுப்பு" என்று முனகிக்கொண்டே இருந்தது. யார்மீதோ கோபம் என்று நினைத்து அவர் பொம்மையைக் கொடுத்துப் பார்த்தார், பாட்டுப் பாடிப் பார்த்தார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "டீச்சர், கொழந்தைக்குக் கோவம் இல்லீங்க. தெலுங்குல வயித்த அப்படித்தான் சொல்லுவாங்க. வயித்து வலிங்குது" என்றாராம். தெலுங்கில் கடுப்பு என்றால் வயிறு. நொப்பி என்றால் வலி. பிள்ளை நொப்பியை விழுங்கிவிட்டுக் கடுப்பை மட்டும் சொல்லியிருக்கிறது. என் அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். இவருக்குத் தெலுங்கில் கேட்டல் தேர்வு வைத்தால் 9-க்கு 9 கொடுக்க வேண்டும். எழுதுதலில் சுழியம்.

இப்போது அக்காவை மெல்போர்னில் ஒரு முன்பள்ளியில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று "டம்மி" என்று அழுகிறது. அந்த ஊரில் குழந்தை வாயில் வைத்துச் சப்பும் ரப்பருக்கு அப்படி ஒரு பெயர். வயிற்றுக்கும் குழந்தைகள் சொல்லும் பெயர் ஏறத்தாழ அதுவே; முதல் எழுத்தின் ஒலியில் மட்டும் வல்லினத்துக்குள் ஒரு நுண்ணிய வேறுபாடு. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். தமிழ் எழுத்தில் பழகிய நம் காதுக்கு அந்த வேறுபாடு பழக்கினால்தான் கேட்கும். வயிறு வலிக்கும் குழந்தையின் வாயில் ரப்பரைத் திணித்துவிட்டால் என்னாவது? பெரியம்மாவின் கேள்விக்கு இதுதான் என் பதில். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆகையால்தான் அவ்வளவு ஆங்கிலம் வேண்டியிருக்கிறது.

ஒரு மறுப்பையும் இங்கே எதிர்பார்க்கிறேன். குழந்தைக் கல்வியின் மேதை மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு நம் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் உரையாற்றியது இத்தாலிய மொழியில். மகன் மாரியோ அருகில் நின்று ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். 1940-ல் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததும் ஆங்கில அரசு மாரியோவைச் சிறை வைத்தது. பின்னர் அதே ஆண்டு அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி விடுவித்தது. இன்றைய அளவுகோலை வைத்தால் மாண்டிசோரியே ஆங்கிலப் பேச்சில் தோற்றிருப்பார் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். தோற்றிருப்பார்தான். ஆனால் அந்த வகுப்பில் அவர் எதிரே அமர்ந்திருந்தவர்கள் வளர்ந்த ஆசிரியர்கள். மொழிபெயர்ப்பு முடியும்வரை பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கத் தெரிந்தவர்கள். மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர் வந்து சேரும்வரை பொறுமை இராது.

ஆகவே தேர்வின்மேல் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. என் வழக்கெல்லாம் தயாரிப்பின்மேல்தான்.

அக்கா பக்கத்து நகரம் ஒன்றில் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு பவுன் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. தேர்வுக் கட்டணம் தனி. அதுவே பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல், என் அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். மூன்று மாத வகுப்பில் பெரும்பகுதி கட்டுரைக்கே போனது. எழுதுதல் தேர்வில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு எழுத வேண்டும்: வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொற்கள், பிறகு ஒரு பொருள் பற்றி 250 சொற்கள். இதற்கு அங்கே வார்ப்பு வைத்திருந்தார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் முதல் இரண்டு வரி ஒன்றே, கடைசி இரண்டு வரி ஒன்றே. நடுவில் தலைப்பைச் செருகினால் போதும். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே அழைப்பிதழ் அச்சடித்து, பெயரை மட்டும் மாற்றுவதைப் போல!

பேசுதலுக்கும் மனப்பாடம்தான். சொந்த ஊரைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு பத்தி: முருகனின் ஐந்தாம் படைவீடு, 365 படிகள், ஆடிக் கிருத்திகை, பூக்காவடி. அக்கா அதை உறக்கத்தில்கூடச் சொல்வாள். தேர்வாளர் நான்கு வரிவரைக்கும் கேட்டுவிட்டு, "அத்தனை படி ஏறும்போது எதைப் பற்றி யோசிப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு அழகான கேள்வி! அதற்கு வார்ப்பில் விடை இல்லை. அக்கா சிறிது நேரம் திகைத்துவிட்டு, மறுபடியும் 365 படிகள் என்றே தொடங்கினாளாம். பேசுதல் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். தடையின்றித் தொடர்ந்து பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கையும் சமமாக எடைபோடுவார்கள். நெட்டுருவை அடையாளம் காணப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். நாம் நம் தெருவில் ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்க மாட்டோமா?

முடிவு வந்தது. படித்தலில் 7. எழுதுதலில் 6.5. கேட்டலில் 6.5. பேசுதலில் 6. மூன்று மாதம் எதற்காகச் செலவழித்தார்களோ அதிலேயே குறை; எதைத் தொடவே இல்லையோ அதில் பெருங்குறை. கேட்டல் தேர்வில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். 8 வாங்க ஏறக்குறைய 35 சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், அமெரிக்கர் எனப் பல நாட்டார் குரலும் வரும். பயிற்சி வகுப்பில் வாரம் ஒரு முறை ஒலிப்பதிவைப் போட்டு, விடைகளைப் படித்துக் காட்டி, அடுத்ததற்குப் போய்விட்டார்களாம். தவறவிட்ட ஐந்து விடைகள் ஏன் தவறின, எந்த ஒலி காதில் விழவில்லை என்று ஒருவரும் நின்று பார்க்கவில்லை. வேண்டுமானால் இன்னொரு மூன்று மாதம் சேரலாம் என்றார்கள். கட்டணத்தில் சலுகை உண்டாம். தேறினாலும் மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள் என்பதால், அதற்குள் மற்ற காரியங்கள் முடியாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து!

இந்த வியாபாரம் ஏன் நடக்கிறது? நாம் பள்ளியிலும் கல்லூரியிலும் விட்ட இடத்தை அவர்கள் விலைக்கு விற்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தோம். கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம் நான்கு பருவங்கள். இத்தனை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசியவர் நம்மில் எத்தனை பேர்? பாடம் ஆங்கிலப் புத்தகம், விளக்கம் தமிழ், தேர்வு ஆங்கிலம், கூட்டாளியோடு பேச்சு மறுபடியும் தமிழ். தமிழில் விளக்குவதை நான் குறை கூற மாட்டேன். அப்படி விளக்கியதால்தான் என் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு வெப்ப இயக்கவியல் விளங்கிற்று. ஆனால் ஆங்கிலம் என்பது கண்ணால் பார்த்துக் கையால் எழுதும் ஒரு பொருளாகவே நமக்குள் தங்கிவிட்டது. அதைக் காதால் கேட்கும் பொருளாக மாற்றப் பின்னர் வளையலை அடகு வைக்க வேண்டியிருக்கிறது.

தேர்வின் ஏற்பாட்டில் ஒரே ஓர் அநீதியை மட்டும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலேயே உயர்கல்வி முடித்தவர்களுக்கு இத்தேர்விலிருந்து விலக்கு உண்டு. அப்பட்டியலில் இந்தியா இல்லை. வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலமே பேசி, ஆங்கிலத்திலேயே பட்டம் பெற்ற சென்னைப் பெண்ணும் எழுத வேண்டும். அக்காவும் எழுத வேண்டும். மேற்சொன்ன நாடு ஒன்றில் படித்தவர் எழுத வேண்டாம். ஆளைப் பாராமல் ஊரைப் பார்த்து வழிவிடும் இவ்வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. குழந்தையின் காதுக்காகத்தான் இந்தத் தேர்வு என்றால் எல்லாரும் எழுதட்டும். ஆஸ்திரேலியாவில் முன்பள்ளிகளுக்கென 2009-ல் வெளியாகி 2022-ல் திருத்தப்பட்ட கல்விக் கட்டமைப்பே, குழந்தையின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் மதித்து வளர்க்க வேண்டும் என்கிறது. இந்தியக் குடும்பங்கள் நிறைந்த மெல்போர்ன் போன்ற நகரத்தில் தமிழும் தெலுங்கும் அறிந்த ஆசிரியைக்கு அதனால் ஒரு மதிப்பு உண்டு. அதை அளக்க எந்தத் தேர்விலும் கட்டம் இல்லை.

"எல்லாரும் வெளிநாடு போய்விட்டால் நம் குழந்தைகளுக்கு யார்?" என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். 2019 ஜனவரியில் நம் மாநிலத்தில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியபோது, அந்த வகுப்புகளுக்கெனப் பயின்ற ஆசிரியர்கள் கிடைக்காமல், இடைநிலை ஆசிரியர்களை மாற்றிப் போட வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அக்காவுக்கு இங்கே கிடைக்கும் சம்பளத்தைக் கேட்டால் அந்த நண்பர்களே பெட்டி கட்டிக் கொடுப்பார்கள். இருக்கச் சொல்கிறவர்கள் முதலில் இருக்கும்படியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

செய்யக்கூடியது என்ன? 2022-ல் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுத் திறன் பாடங்களும் கல்லூரிகளுக்கு வந்தன. நல்லதுதான். ஆனால் கணினித் திரையைப் பார்த்துப் பேசுவது ஒன்று. எதிரில் இருப்பவர் இடைமறித்துக் கேட்கும்போது பேசுவது வேறு. எதிரில் ஓர் ஆள் வேண்டும். அதற்கு வளையல் வேண்டாம். நாமே ஒருவருக்கொருவர் ஆளாகலாம்.

கோடை விடுமுறையில் அக்காவும் நானும் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். தேர்வை நடத்துகிறவர்களே இலவசமாக வெளியிட்டிருக்கும் மாதிரி ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டோம். முதலில் தேர்வைப் போல் ஒரே முறை கேட்டு விடை எழுதுவது. பிறகு தவறிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, அங்கே என்ன ஒலித்தது என்பதை எழுத்தெழுத்தாகப் பிடிப்பது. முதல் வாரம் அக்காவுக்கு 40-க்கு 26. தவறியவற்றில் பாதிக்கு மேல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள்! கண்ணுக்குத் தெரிந்தவை, காதுக்குத் தெரியாதவை. பதின்மூன்றும் முப்பதும் ஆங்கிலத்தில் எவ்வளவு கிட்டத்தில் ஒலிக்கின்றன என்பதை அப்போதுதான் கவனித்தோம். அடுத்து, குழந்தைகளின் படக் கதைப் புத்தகத்தை ஒருவர் உரக்கப் படிப்பது, மற்றவர் குழந்தையாகி நடுநடுவே கேள்வி கேட்பது. "நரி ஏன் அழுதுச்சு?" "அதோட அம்மா எங்க?" விடையை யோசிக்க நேரமே கிடைக்காது. வார்ப்பும் உதவாது. மூன்றாவது வாரத்தில் அக்கா தன்னையறியாமல் ஒரு கேள்விக்குச் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஆறாவது வாரத்தில் கேட்டல் 33-க்கு வந்தது. 35 இன்னும் வரவில்லை.

நம் கல்லூரியில் பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, நகரி பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பலர். அரக்கோணம் ரயிலைப் பிடிக்கிறவர்கள் பலர். வகுப்பு முடிந்து வண்டி வரும்வரை எல்லாருக்கும் முக்கால் மணி நேரமாவது கையில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தில் நாலைந்து பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும். முன்பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர்கள் மட்டும்தான் வரவேண்டும் என்பதில்லை. செவிலியராகப் போகிறவர், மேற்படிப்புக்குப் போகிறவர், எங்கும் போகாமல் இங்கேயே இருக்கப் போகிறவர் எல்லாரும் வரலாம். ஆங்கிலத் துறைப் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: மாதத்துக்கு ஒரு முறை தேர்வாளரைப் போல் எதிரில் அமர்ந்து, எங்கள் மனப்பாடத்தை நடுவில் வெட்டிக் கேள்வி கேளுங்கள்.

அக்காவின் இரண்டாவது தேர்வு இன்னும் இரண்டு மாதத்தில். அவள் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் மையத்திலிருந்து நான்கு படப் புத்தகங்களை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் அட்டை இல்லை.